வெள்ளைக் கோடு, சிவப்புக் கோடு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பிரான்ஸின் லோத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நான் கால்நடையாகப் போனதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்குக் கொடைக்கானல் மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. செண்பகனூரில் உட்கார்ந்து சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

எனக்கு 55 வயது. காப்பித் தோட்டத்தில் ஏறி இறங்கிப் பழக்கம் உண்டு. பத்துப் பன்னிரண்டு நாள் கிடைத்தால் பிரான்ஸில் எந்தப் பாதையில் நடக்கலாம்? காடும் வேண்டும், ஆறும் வேண்டும். (வாசகர், பண்ணைக்காடு)

லு பூய் என்ற ஊரில் தொடங்கி கோன்க் வரை நடங்கள். முதல்முறை போகிறவருக்கு இதைவிட நல்ல பாதையை நான் சொல்ல மாட்டேன். ஜி.ஆர். 65 என்ற நெடும்பாதையின் முதல் பகுதி இது, சுமார் 200 கி.மீ. ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ கோயிலுக்கு யாத்ரீகர்கள் நடந்தே போன வழி. லு பூய் ஆயர் கோதெஸ்கால்க் 950-ஆம் ஆண்டு இங்கிருந்து கிளம்பியதாகப் பதிவு இருக்கிறது.

முதலில் எரிமலை மண். பச்சை மைசூர்ப் பருப்புக்குப் பேர்போன வயல்கள். அப்புறம் பைன் காடு. அதற்கு மேல் ஓப்ராக் பீடபூமி. 1,300 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் கண்ணுக்கெட்டிய வரை புல், கல்வேலி, மாடுகள். மே மாதக் கடைசியில் மாடுகளைக் கீழிருந்து இந்தப் புல்வெளிக்கு ஓட்டி வருவார்கள். கொம்பிலும் நெற்றியிலும் பூவும் வண்ணத் துணியும் கட்டி, கழுத்தில் பெரிய மணியோடு அவை ஊருக்குள் நுழையும்போது நம் மாட்டுப்பொங்கலே அங்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். முடிந்தால் அந்த வாரத்துக்குப் பயணத்தை வையுங்கள். பீடபூமியில் காட்டு நார்சிசஸ் மலர்கள் பூப்பதும் ஏறக்குறைய அப்போதுதான்.

ஓப்ராக்கிலிருந்து லோத் ஆற்றுக்கு இறங்கும் பகுதிதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. மேலே பீச் மரக் காடு. இறங்க இறங்கச் செஸ்ட்நட் மரங்கள். ஆற்றங்கரையில் எஸ்பாலியோன், அதன் பழைய செங்கல் நிறக் கற்பாலம். அடுத்து கோட்டையோடு நிற்கும் எஸ்தேன். ஓப்ராக் பீடபூமியில் உள்ள நாஸ்பினால் என்ற ஊரிலிருந்து இறங்கும் பகுதியையும் சேர்த்து இந்த யாத்திரைப் பாதைகளை 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

ஒரு விஷயம். ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றால் சமதரை என்று நினைத்துப் போகாதீர்கள். ஆறு ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடும் இடங்களில் கரையோரம் நடக்க இடமே இருக்காது. பாதை மேட்டுக்கு ஏறி, மறுபடி தண்ணீருக்கு இறங்கி, மறுபடி ஏறும். ஓப்ராக்கிலிருந்து ஆறு வரை கிட்டத்தட்ட 900 மீட்டர் இறக்கம். வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு இறங்குவதைவிடக் குறைவுதான். ஆனால் அதற்கு மறுநாளும் நடக்க வேண்டுமே. இரண்டு கையிலும் ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள், முழங்கால் தப்பிக்கும். பையைச் சுமக்க முடியாவிட்டால் ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்ததற்கு வேனில் கொண்டுபோய் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 55 வயதில் அந்த வசதியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

பாரிஸிலிருந்து லியோன், அங்கிருந்து சாந்த் எத்தியேன் வழியாக லு பூய் வரை ரயிலிலேயே போகலாம்.

வழிகாட்டி இல்லாமல் தனியாக நடந்தால் காட்டில் வழி தவறாதா? (கல்லூரி மாணவி, பெருமாள்மலை)

மரத்தில், பாறையில், மின்கம்பத்தில், வேலிக் கல்லில் என்று வழி நெடுகக் கோடு தீட்டியிருப்பார்கள். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் ஜி.ஆர். நெடும்பாதை. மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதை. வெறும் மஞ்சள் என்றால் ஒரு நாளுக்குள் முடியும் சிறிய நடை. கோட்டுக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல வெட்டிக்கொண்டால் அது உங்கள் வழி இல்லை.

இதைத் தீட்டுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். எனக்கு இந்தச் செய்தி எப்போதும் பெரிதாகவே தோன்றுகிறது. ழான் லுவாசோ என்பவர் இந்த யோசனைக்காகப் பல காலம் பாடுபட்டார். 1947-இல் லுவார் ஆற்றங்கரையில் முதல் ஜி.ஆர். பாதையின் ஒரு பகுதி திறக்கப்பட்டது. இன்று நாடு முழுக்கக் குறியிட்ட பாதைகள் 1,80,000 கி.மீ.க்கு மேல். பெயிண்ட் மங்கினால் அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பேற்றவர் டப்பாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு போய்ப் புதுப்பிக்கிறார்.

ஆனாலும் வரைபடம் இல்லாமல் போகாதே, அம்மா. மரம் வெட்டிய இடத்தில் மரத்தோடு குறியும் போயிருக்கும். அங்கே அரசு வரைபட நிறுவனம் வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 250 மீட்டர். கிணறும் சிலுவைக்கல்லும்கூடப் போட்டிருப்பார்கள். கொஞ்ச தூரம் குறியே கண்ணில் படவில்லை என்றால் முன்னேறாதே. கடைசியாகப் பார்த்த குறி வரை திரும்பி வா. அவசர உதவிக்கு எண் 112.

கொடைக்கானல் சலேத் மாதா கோயிலின் ஆகஸ்ட் திருவிழாவுக்குத் தவறாமல் போகிறவள் நான். பிரான்ஸில் இருக்கும் சலேத்துக்கு நடந்தே போக முடியுமா? (வாசகி, நாயுடுபுரம்)

முடியும். நம் கோயிலை 1860களில் கட்ட முன்னின்றவர் லூயி சேன்-சீர் என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார். அவர் மனதில் இருந்த சலேத், ஆல்ப்ஸ் மலையில் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1846 செப்டம்பர் 19 அன்று மெலனி, மாக்ஸிமின் என்ற இரண்டு மேய்ப்புச் சிறார்களுக்கு மாதா காட்சி தந்ததாக நம்பிக்கை. கீழே இருக்கும் கோர் என்ற ஊரிலிருந்து மலைப்பாதை ஏறுகிறது. சுமார் 800 மீட்டர் ஏற்றம், அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். மேலே யாத்ரீகர்கள் தங்க இடம் உண்டு. குளிர்காலத்தில் பனி மூடிவிடும் என்பதால் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போவது நல்லது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (வாசகர், வத்தலக்குண்டு)

கிடைக்கும், முன்பே சொன்னால். பாதையோரத் தங்குமிடங்களை 'ஜீத்' என்பார்கள். பல இடங்களில் இரவுச் சாப்பாடு, படுக்கை, காலை உணவு மூன்றும் சேர்த்தே விலை. எல்லோரும் ஒரே மேசையில் ஒரே சமையலைச் சாப்பிடுவார்கள். ஆகவே படுக்கை பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன் இரண்டும் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். பருப்பு என்று சொன்னாலும் அதில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஓப்ராக் பக்கம் 'அலிகோ' என்று ஒன்று தருவார்கள். மசித்த உருளைக்கிழங்கில் இளம் பாலாடைக்கட்டியைப் போட்டுக் கிண்டிக் கிண்டி இழுத்தால் கயிறாக நீளும். நாள் முழுக்க நடந்த வயிற்றுக்கு அது தேவாமிர்தம்.

கிராமக் கடைகள் மதியம் பூட்டிவிடும், ஞாயிறும் திங்களும் பல இடங்களில் திறக்கவே திறக்காது. பையில் ரொட்டியும் பழமும் எப்போதும் இருக்கட்டும். தண்ணீருக்கு நடையர்கள் தேடுவது கல்லறைத் தோட்டத்துக் குழாயை. குடிக்கக் கூடாது என்று பலகை இல்லாவிட்டால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

அட்டை கடிக்குமா? (மாணவன், தாண்டிக்குடி)

அங்கே கவனிக்க வேண்டியது உண்ணியை. லைம் என்ற நோயைப் பரப்பும். உயரமான புல்லில் நடந்த நாள்களில் முழங்கால் மடிப்பு, இடுக்கு எல்லாம் இரவில் பார்த்துவிடு. ஆட்டு மந்தையோடு பெரிய வெள்ளைக் காவல் நாய் நின்றால் ஓடாமல், மந்தையைச் சுற்றிக்கொண்டு போ. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக்காலம், பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டை போட்டுக்கொள்.

சுமைக்குக் கழுதை வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார்களே? (வாசகர், பெரியகுளம்)

உண்மைதான். செவென் மலைப்பகுதியில் ஜி.ஆர். 70 பாதையில் கிடைக்கும். 1878-இல் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கழுதையோடு நடந்த வழி அது.

அங்கே மாதிரி நம் மலையிலும் குறி போட்டுப் பாதைகளைத் திறந்துவிட்டால் என்ன? (இளைஞர், திண்டுக்கல்)

இதைக் கேட்டதற்கு நன்றி. அப்படியே நகல் எடுப்பதை நான் ஏற்க மாட்டேன். அங்கே பாதை பெரும்பாலும் ஊரிலிருந்து ஊருக்குப் போகிறது. மேய்ச்சல் நிலம், தோப்பு, நடுவே காடு. நம் சோலையில் காட்டுமாடு நிற்கும். தாண்டிக்குடி பக்கம் யானை வரும். 11 மார்ச் 2018 அன்று குரங்கணி மலைத் தீயில் அத்தனை பேர் கருகியதை நாம் மறந்துவிடக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியோடு, வழிகாட்டியோடு போவதுதான் சரி. 2024-இல் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. மலைமக்களே வழிகாட்டுகிறார்கள். அதைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் காட்டுக்கு வெளியே, ஊருக்கும் ஊருக்கும் நடுவே இருந்த நடைபாதைகள் நம் கண்முன்னே மறைகின்றன. மோட்டார் சாலை வருமுன் கொடைக்கானலுக்கு வந்த சாமானில் பெரும்பகுதி பெரியகுளம் பக்கத்திலிருந்து ஆள் தலையில் ஏறியது. அந்தத் தடங்களில் பல இன்று முள்வேலிக்குள்ளும் ரிசார்ட் மதிலுக்குள்ளும் போய்விட்டன. பிரான்ஸில் 1983-இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டமும் தன் நடைபாதைகளைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் ஏறிய கிராமப் பாதையை விற்க நினைத்தால், அதற்கு ஈடாக மாற்றுப் பாதை காட்டியாக வேண்டும். கோடு தீட்டுவது எளிது. அந்தப் பட்டியல்தான் பாதையைக் காப்பாற்றுகிறது.

நம்மிடமும் அதற்கு ஆதாரம் உண்டு. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் இருக்கும் கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை, நடைபாதை எல்லாம் புறம்போக்காகக் குறித்திருக்கும். உங்கள் ஊர்ப் பாட்டிமார் நடந்த வழியை அவர்களிடமே கேட்டு, அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து வரும் அக்டோபர் 2 கிராம சபையில் அந்தப் பாதையை அளந்து கல் நட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கி எனக்கும் ஒன்று அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.