கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் எஸ்யுவியில் மேனுவல் கியர்பாக்ஸ், விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என நான்கு இடங்களில் எண்ணெய் மாற்ற வேண்டும். ஜிஎல்-5 உயர்ந்த தரம் என்பதால், 75டபிள்யூ-90 ஜிஎல்-5 எண்ணெயையே நான்கிலும் ஊற்றிவிடலாமா?

பதில்: கூடாது. கியர் ஆயில் வகைகளான ஜிஎல்-4, ஜிஎல்-5 ஆகியவற்றில் உள்ள எண்களைத் தர வரிசையாகப் படிப்பதில்தான் இந்தத் தவறு தொடங்குகிறது. எண்ணெய் எந்த வகை வேலைக்கு உரியது என்பதையே அவை சொல்கின்றன. ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் உள்ள, வளைந்த ஹைப்பாய்ட் பற்கள் உருள்வதோடு நில்லாமல், கடும் அழுத்தத்தில் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கவும் செய்கின்றன. அங்கே எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும் கணத்திலும் உலோகம் உலோகத்தோடு ஒட்டிப் பிய்ந்துவிடாமல் காப்பதற்காக, கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்களை ஜிஎல்-4 எண்ணெயைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அளவில் ஜிஎல்-5 எண்ணெயில் சேர்க்கிறார்கள். மேனுவல் கியர்பாக்ஸின் தேவை வேறு. கியர் மாற்றும்போது சிங்க்ரனைசர் வளையம் கியரின் கூம்பு முகத்தைப் பற்றிப் பிடித்து இரண்டின் வேகத்தையும் சமப்படுத்த வேண்டும். எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் அந்தப் பிடி தளர்ந்து, கியர் விழும்போது கரகரவென்று சத்தம் வரும். வளையம் பித்தளையாலானது என்றால், அதே கந்தகச் சேர்மங்கள் சூட்டில் அதை அரிக்கவும் கூடும். எதிர்த் திசையில் செய்யும் தவறு இன்னும் கொடியது: ஜிஎல்-5 கேட்கும் டிஃபரன்ஷியலில் ஜிஎல்-4 ஊற்றினால் பற்களே சிதைந்துவிடும். இரண்டு வகைக்கும் பொருந்தும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்ட எண்ணெய்களும் உண்டு. ஆனால் வாகனத்தின் கையேடு ஒப்புக்கொண்டால் மட்டுமே அவற்றைப் பயன்படுத்துங்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கியர் ஆயிலின் 90 என்னும் எண்ணை இன்ஜின் ஆயிலின் 40 என்னும் எண்ணோடு ஒப்பிட்டு, இது இரண்டு மடங்கு கெட்டியானது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியஸில் 75டபிள்யூ-90 கியர் ஆயிலின் பாகுத்தன்மை, 40 அல்லது 50 தர இன்ஜின் ஆயிலின் பாகுத்தன்மைக்கு ஏறத்தாழ நிகரானது.

கேள்வி: டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏடிஎஃப் (தானியங்கிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றச் சொல்கிறது கையேடு. அது தண்ணீர்போல் மெலிதாக இருக்கிறது, கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் நீண்ட நாள் உழைக்கும் என்கிறார் மெக்கானிக். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கையேட்டையே கேளுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது ஒரே பெயரில் வழங்கும் பல வகை இயந்திரங்கள் என்பதை நினைவில் கொண்டால் இந்தக் குழப்பம் தீரும். முழுக்கப் பற்சக்கரங்களால் இயங்குபவை பெரும்பாலும் கியர் ஆயிலைக் கேட்கும். சங்கிலியால் முன் அச்சுக்கு விசையைக் கடத்துபவை பலவற்றில், உள்ளே இருக்கும் ஒரு சிறிய பம்பு எண்ணெயைத் தண்டின் நுண்துளைகள் வழியாகப் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. குளிர்ந்த நிலையில் கெட்டியான எண்ணெய் அந்தத் துளைகளை உரிய நேரத்தில் எட்டாது. ஆகவேதான் அவற்றுக்கு ஏடிஎஃப்.

மூன்றாவது வகையில் கூடுதல் கவனம் வேண்டும். தேவைப்படும்போது தானாகவே முன் சக்கரங்களுக்கு விசை அனுப்பும் அமைப்புகளில், எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன. அந்தத் தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் பற்ற வேண்டும் என்பதை எண்ணெயில் உள்ள உராய்வு மாற்றிச் சேர்மங்களே தீர்மானிக்கின்றன. இத்தகைய டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்டோ-டிராக் 2 என்னும் நீல நிறத் திரவத்தைத் தனியாகவே விற்கிறது. தவறான எண்ணெய் ஊற்றினால், வண்டியை மெதுவாக வளைக்கும்போது அடியிலிருந்து உதறலும் இடிப்பும் வரும். சரியான எண்ணெய் ஊற்றியும் இந்த அடையாளம் மாறவில்லையென்றால் டயர்களைப் பாருங்கள். நான்கில் இரண்டு மட்டும் புதியவையாக இருந்தாலும் சுற்றளவு வேறுபட்டு, நேர்ச்சாலையிலும் அந்தக் கிளட்ச் இடைவிடாமல் வழுக்கிக்கொண்டே எண்ணெயைக் கருக்கிவிடும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் வாழ்நாள் முழுவதற்குமானது, மாற்றத் தேவையில்லை என்று சொல்லப்பட்டது. உண்மையா?

பதில்: நான் அதை ஏற்பதில்லை. உலகின் பல எஸ்யுவிகளுக்குத் தானியங்கிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே, தன் கியர்பாக்ஸ்களின் எண்ணெயை 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றப் பரிந்துரைக்கிறது. எண்ணெயின் எதிரி தூரத்தைவிடச் சூடுதான். வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி உயரும்போதெல்லாம் ஆக்சிஜனேற்ற வேகம் இரண்டு மடங்காகிறது என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுவான கணக்கு. பாரம் இழுப்பவர்களும், மலைச்சாலையிலும் மணலிலும் தொடர்ந்து ஓட்டுபவர்களும் வழக்கமான இடைவெளியில் பாதியை வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: 1,60,000 கிலோமீட்டர் ஓடிய என் வண்டியில் ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஒருமுறைகூட மாற்றியதில்லை. இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: அந்தப் பயம் பிறந்த கதை எளிது. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு எண்ணெய் நினைவுக்கு வருகிறது. ஏற்கெனவே தேய்ந்த கிளட்சைப் புதிய எண்ணெய் மீட்டுத் தராது. சில நாளில் கியர்பாக்ஸ் நின்றுவிட, பழி எண்ணெய் மாற்றியதன்மேல் விழுகிறது. உங்கள் வண்டியில் கியர்கள் இப்போதும் சீராக விழுகின்றன என்றால், தயங்காமல் மாற்றுங்கள்; ஆனால் இயந்திரத்தை வைத்து அழுத்தத்துடன் அலசும் முறை வேண்டாம். பல ஆண்டுகளாகப் படிந்திருக்கும் வண்டலைக் கிளப்பி வால்வுகளின் நுண்வழிகளில் கொண்டுபோய்ச் சேர்க்க அது போதும்.

பிளக்கைத் திறந்து வடித்து நிரப்புவதே நிதானமான வழி. இன்ஜின் விசையைத் திரவத்தின் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கும் எண்ணெய் அப்படி வடியாது என்பதால், ஒருமுறை மாற்றும்போது மொத்தத்தில் ஒரு பகுதிதான் வெளியேறும். ஒவ்வொரு முறையும் 40 விழுக்காடு மாறுகிறது என்று கொண்டால், முதல் முறைக்குப் பிறகு பழைய எண்ணெய் 60 விழுக்காடும், இரண்டாம் முறைக்குப் பிறகு 36 விழுக்காடும், மூன்றாம் முறைக்குப் பிறகு ஏறத்தாழ 22 விழுக்காடும் எஞ்சும். இடையில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மூன்று முறை செய்தால் போதும். முதல் முறையிலேயே கியர்பாக்ஸின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றி, ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றி, காந்தங்களைத் துடைத்துவிடுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போன்ற மெல்லிய பூச்சு இருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சீவல்களோ துண்டுகளோ இருந்தால் எண்ணெயோடு வேலை முடியாது.

கேள்வி: கையேட்டில் ஏடிஎஃப் வகை டெக்ஸ்ரான் 3 என்று இருக்கிறது, கடையில் டெக்ஸ்ரான் 6 தருகிறார்கள்.

பதில்: ஜெனரல் மோட்டார்ஸின் தானியங்கிக் கியர்பாக்ஸ் என்றால் ஊற்றலாம்; 2005இல் வந்த டெக்ஸ்ரான் 6, பழைய வகைகளுக்கு மாற்றாகவே வடிவமைக்கப்பட்டது. பிற நிறுவனங்களின் வாகனங்களில் அவர்கள் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் இது டெக்ஸ்ரான் 3ஐவிட மெலிதானது. நிறத்தை நம்பி வாங்காதீர்கள். டொயோட்டாவின் டி-4, டபிள்யூஎஸ் என்னும் ஏடிஎஃப் வகைகள் இரண்டும் சிவப்புதான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல. சிவிடி, அதாவது படிகளின்றி விகிதம் மாறும் கியர்பாக்ஸில் அதற்குரிய திரவத்தைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது.

கேள்வி: என் ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் அளவைப் பார்க்கும் அளவுக்கோலே இல்லை. அளவை எப்படி அறிவது?

பதில்: வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், எண்ணெயின் வெப்பநிலை கையேடு சொல்லும் எல்லைக்குள் இருக்க வேண்டும், பல கியர்பாக்ஸ்களில் அது 30க்கும் 50 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்டது. கையால் தொட்டு ஊகிக்காமல், ஸ்கேன் கருவியில் பாருங்கள். இன்ஜின் ஓடும் நிலையில், லீவரை எல்லா இடங்களுக்கும் ஒருமுறை நகர்த்திப் பார்க்கிங்குக்குக் கொண்டுவந்த பிறகு, அளவுப் பிளக்கைத் திறந்தால் எண்ணெய் மெல்லிய இழையாக வழிந்து சொட்டாக மாற வேண்டும். அளவு குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுந்தால் சுழலும் பாகங்கள் அடித்து நுரையாக்கிவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸில் பெரும்பாலும் நிரப்பும் துளையின் கீழ்விளிம்புதான் அளவு. எந்தப் பெட்டியானாலும் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு வடிக்கும் பிளக்கில் கைவையுங்கள். வடித்த பிறகு மேல் பிளக் அசையவில்லையென்றால் வண்டியை அங்கிருந்து நகர்த்தவே முடியாது.

கேள்வி: ஆற்றைக் கடந்த பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறது. ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம். சூடாக இருந்த பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருந்த காற்று சுருங்கி, பிரீதர் என்னும் காற்றுப்போக்கி வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்திருக்கிறது. உடனே வடித்து நிரப்பி, சிறிது தூரம் ஓட்டி, நிறம் தெளியும்வரை மீண்டும் மாற்றுங்கள். அதே வேளையில் கியர்பாக்ஸையும் இரண்டு டிஃபரன்ஷியல்களையும் திறந்து பாருங்கள். தானியங்கிக் கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அவசரம் இன்னும் அதிகம், ஏனென்றால் அதன் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் காகித வகை உறை நீரை உறிஞ்சிப் பசை விட்டுவிடும். அடுத்த முறை நீரில் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியின் பிரீதர் குழாயும் அடைப்பின்றி இருக்கிறதா, அதன் மேல்முனை நீர்மட்டத்தைவிட உயரமாக இன்ஜின் அறைக்குள் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.