தட்டில் இரண்டு கண்கள்

வணக்கம் ஐயா,

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் 17ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் சுர்பரான் வரைந்த புனித லூசியாவைப் பார்த்தேன். கையில் ஒரு தட்டு, அதில் இரண்டு கண்கள். முகத்திலும் இரண்டு கண்கள்! பலகாரத் தட்டு கொண்டுவருபவள் போல நிற்கிறாள். சித்திரவதைப்பட்டவள் முகத்தில் வலியே இல்லை. பக்திக்காக வலியை மறைப்பது பொய்தானே?

ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மா,

பலகாரத் தட்டு என்று நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். சுர்பரானின் புனித ஆகத்தா படம் பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் இருக்கிறது. அவள் தட்டில் இருப்பவை அறுக்கப்பட்ட மார்புகள். அதைப் பார்த்தால் என்ன சொல்வீர்களோ!

அந்தத் தட்டு நடந்ததைக் காட்ட வந்ததல்ல. அது பெயர்ப்பலகை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த கோயிலில், கண் என்றால் லூசியா, குறடும் பல்லும் என்றால் புனித அப்பொலோனியா. கையில் குருத்தோலை இருந்தால் வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர். லூசியாவின் மிகப் பழைய கதையில் கண்ணைப் பிடுங்கிய சம்பவமே கிடையாது. லத்தீனில் ‘லுக்ஸ்’ என்றால் ஒளி. அந்தப் பெயரிலிருந்து அவள் கண்நோய்க்குக் காவலாகி, பிறகு கண்கள் தட்டுக்கு வந்தன என்றுதான் நினைக்கிறேன். அப்பொலோனியா இன்னும் வேடிக்கை. 3ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவில் பல் உடைக்கப்பட்டவள் வயதான கன்னி. சுர்பரானிடம் அவள் இளம்பெண்.

1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் திருப்படங்களுக்கு ஒழுங்கு விதித்தது. ஸ்பெயினின் செவில் நகரில் 1618 முதல் அந்தப் படங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு ஓவியர் பச்சேக்கோவுக்கு. புகழ்பெற்ற ஓவியர் வெலாஸ்கெஸின் குருவும் மாமனாரும் அவர்தான். அமல உற்பவ அன்னைக்கு, அதாவது பாவமின்றிக் கருவான மரியாளுக்கு, பன்னிரண்டு பதின்மூன்று வயது, வெள்ளை உடை, நீல மேலாடை, பிறையின் முனைகள் கீழ்நோக்கி என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். சிலுவைக்கு மூன்றல்ல, நான்கு ஆணிகள் என்று அவர் மல்லுக்கு நின்றது தனிக்கதை.

‘பொய்’ என்ற உங்கள் சொல்லை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. சுர்பரானின் பட்டறை தென்னமெரிக்காவுக்கு வரிசை வரிசையாகக் கன்னிப் புனிதைகளை அனுப்பியது. அவற்றில் பல வெறும் பட்டுப்புடவைப் பொம்மைகள். சுர்பரானின் அப்பா துணி வியாபாரி. அந்தக் கை மகனுக்கும் இருந்தது, சில சமயம் துணி மட்டுமே தேறியது.

ஆனால் அதே துணி 1628இல் என்ன செய்கிறது என்று பாருங்கள். செவிலின் மெர்சிதாரியர் என்ற துறவற சபையின் மடத்துக்காக அவர் வரைந்த செராபியன், அந்தச் சபையின் துறவி. மூர்களிடம் (வட ஆப்பிரிக்க, ஸ்பானிய முஸ்லிம்களிடம்) சிறைப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்க, தேவையானால் தன்னையே பணயமாகக் கொடுப்பது அந்தச் சபையின் நான்காவது வார்த்தைப்பாடு, அதாவது துறவிகள் எடுக்கும் சபதம். செராபியன் 1240இல் கொல்லப்பட்டவர். கொடூரமான சாவு. படத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மேலே கட்டப்பட்ட இரு மணிக்கட்டுகள், தோளில் சாய்ந்த தலை, மற்றபடி வெள்ளை அங்கி மட்டும்தான். அந்த அங்கியின் கனத்தில் உடம்பு தொங்குவது தெரிகிறது. காயத்தைக் காட்டியிருந்தால் நாம் காயத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்போம். படம் இருந்த அறையும் முக்கியம்: இறந்த துறவிகளை அடக்கத்துக்கு முன் கிடத்தி, ‘ஆழங்களிலிருந்து’ என்று தொடங்கும் சங்கீதத்தைச் சொல்லும் அறை. அங்கே நின்றவர்களுக்கு மரணத்தைப் பற்றிச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. அவர்கள் போட்டிருந்ததும் அதே வெள்ளை அங்கி.

இன்று அந்த மடம்தான் செவிலின் நுண்கலை அருங்காட்சியகம். படமோ அமெரிக்காவில், ஹார்ட்ஃபோர்ட் நகரில் இருக்கிறது. அடுத்த முறை மகளிடம் போகும்போது பார்த்துவிடுங்கள். அவர் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன, தட்டு ஏந்த முடியாது. அதனால் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைக் குத்தி அவர் பெயரை எழுதிவைத்திருக்கிறார் சுர்பரான். காகிதத்தின் மடிப்பு கூடத் தெரியும்.