விளையாட்டு முடிந்ததும் ஏன் உறைந்துபோகிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாரம் ஒருநாள் ஒரு சிறு குழுவுக்கு உடனடி நாடகம், அதாவது எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்த நொடியில் தோன்றுவதை நடிப்பது, சொல்லித் தருகிறேன். 14 பேர், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், மேடை ஏறியிராதவர்கள். விளையாட்டுகள் என்றால் ஒரே உற்சாகம். ஆனால் "சரி, இப்ப ஒரு காட்சி பண்ணலாம்" என்றதும் பாதிப் பேர் சிலையாகிவிடுகிறார்கள், மீதிப் பேர் ஜோக் அடிக்க ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் மட்டும் எந்தக் காட்சியானாலும் புகுந்து தானே பேசி முடித்துவிடுகிறார். நான் யாரையும் குறை சொல்வதில்லை, எல்லோரையும் பாராட்டத்தான் செய்கிறேன். விளையாட்டுகள் உடம்பைத் தளர்த்திக்கொள்ள மட்டும்தானா? நடிப்பைத் தனியாகக் கற்றுத்தர வேண்டுமா? கடைசியில் ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று கேட்கிறார்கள். அதற்கு ஸ்கிரிப்ட் எழுதிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் குழுவில் கோளாறு எதுவும் இல்லை. விளையாட்டு நடக்கும்போது அவர்களுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. "காட்சி பண்ணலாம்" என்றதும் அந்த வேலையை நீங்கள் பிடுங்கிவிடுகிறீர்கள். அப்புறம் அவர்களுக்கு மிஞ்சுவது 'எல்லாரும் என்னையே பார்க்கிறார்களே' என்ற நினைப்புதான். சிலர் அதில் உறைந்துபோவார்கள், சிலர் ஜோக் அடித்துத் தப்பிப்பார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பயிற்சி உண்டு. நடிப்பை விளையாட்டுகள் வழியாகவே கற்றுத்தந்த அமெரிக்க நாடக ஆசிரியை வயோலா ஸ்போலின் தன் பாடத்தின் தொடக்கத்திலேயே வைத்த பயிற்சி அது. குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி மேடையில் வரிசையாக நிற்கட்டும், மறு பாதி உட்கார்ந்து அவர்களைப் பார்க்கட்டும். வேறு எதுவும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் காலை மாற்றி மாற்றி நிற்பார். ஒருவர் சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொள்வார். ஒருவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். இன்னொருவர் எனக்கொன்றும் இல்லை என்பதுபோல் கையைக் கட்டிக்கொள்வார். எல்லோர் முகத்திலும் சங்கடம் தெரியும்வரை விடுங்கள். பிறகு ஒரு வேலை கொடுங்கள்: அறையில் எத்தனை நாற்காலி இருக்கிறது, தரையில் எத்தனை கல் பதித்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். தோள்கள் இறங்கும், கட்டிய கை தானாக அவிழும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் மூச்சு சீராகும். அடுத்து இரு பாதியும் இடம் மாறட்டும். முடிந்ததும் கேளுங்கள்: சும்மா நின்றபோது உடம்பில் எங்கே என்ன தெரிந்தது? எண்ண ஆரம்பித்ததும் அது என்ன ஆனது? பதில் அவர்கள் வாயிலிருந்தே வரட்டும். நீங்கள் விளக்கிவிட்டால் பயிற்சி வீண்.

ஸ்போலினுக்கு இந்த வழி வந்த இடத்தையும் சொல்ல வேண்டும். 1924 முதல் 1927 வரை சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் நீவா பாய்ட் என்பவரிடம் அவர் படித்தார். குழு விளையாட்டுகள் வழியாகப் பிள்ளைகளைப் பழக்குவது பாய்டின் முறை. பிறகு 1939 முதல் 1941 வரை, அதே நகரத்தில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றில் நாடகப் பிரிவை ஸ்போலின் கவனித்துக்கொண்டார். வந்தவர்களில் பலர் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள். நடிப்புக் கோட்பாடு பேசி அவர்களிடம் எதுவும் நடக்காது. அதனால் நடிப்பில் வரும் ஒவ்வொரு சிக்கலையும் ஒரு விதியுள்ள விளையாட்டாக மாற்றினார். ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: விளையாட்டைத் தாண்டி நடிப்புப் பாடம் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. காட்சிக்குள்ளேயும் ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"மருத்துவமனையில் இரண்டு பேர், ஆரம்பிங்க" என்றால் அவர்கள் தவிப்பார்கள். "அது எந்த இடம் என்று வாயால் சொல்லக் கூடாது. அங்கே இருக்கும் மூன்று பொருட்களையாவது தொட்டுப் பயன்படுத்த வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். என்ன பேசுவது என்ற கவலை போய்விடும். ஒருவர் கட்டிலின் உயரத்தை ஏற்றப் பார்ப்பார், அது சிக்கிக்கொள்ளும், மற்றவர் உதவ வருவார். அதற்குள் இருவருக்கும் நடுவே ஏதோ ஒன்று தொடங்கியிருக்கும்.

இனி, எல்லாவற்றையும் தானே பேசி முடிக்கும் அந்த நண்பர். அவரைத் தனியே கூப்பிட்டு "மத்தவங்களுக்கும் இடம் கொடுங்க" என்று சொல்லாதீர்கள். அவர் வெட்கப்படுவார், அடுத்த வாரம் இன்னும் சத்தமாக வருவார். அவரைக் கயிறு இழுக்க அனுப்புங்கள், இல்லாத கயிறு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று கண்ணுக்குத் தெரியாத கயிற்றை இழுக்க வேண்டும். முதலில் இருவருமே பின்னால் சாய்ந்து ஜெயித்துக்கொண்டிருப்பார்கள். கயிறு ரப்பராகிவிடும், பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும். ஓரத்தில் நின்று குரல் கொடுங்கள்: "கயிறைப் பாருங்க! ஒரே கயிறு! கயிறு உங்க நடுவுல இருக்கு!" ஒருவர் ஓர் அடி முன்னால் இழுபட்டுப் போக ஒத்துக்கொண்ட நொடியில் கயிறு நிஜமாகும். அந்த நண்பர் தோற்கும்போதுதான் பார்ப்பவர்கள் அவருக்குக் கைதட்டுவார்கள். நீங்கள் வாயால் சொல்ல நினைத்த பாடத்தை அது சொல்லிவிடும்.

இரண்டாவதாக, அவருக்கு ஜிப்பரிஷ் கொடுங்கள், அதாவது எந்த மொழியும் இல்லாத வெறும் ஒலி. ஒரு பொருளை விற்க வேண்டும், வாங்குபவருக்கு அது என்னவென்று புரிந்தாக வேண்டும். சொல்வன்மையால் மட்டுமே காலம் தள்ளியவர் அப்போதுதான் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்.

விளையாட்டுக்கு நடுவே குரல் கொடுப்பது உங்கள் முக்கியமான வேலை. சின்னச் சின்னச் சொற்கள்தான்: "மெதுவா", "கையைப் பாருங்க", "சொல்லாதீங்க, காட்டுங்க". அவர்கள் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது, உங்களைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது.

பாராட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். என் கருத்தில் உங்கள் வகுப்பின் பெரிய தடை அதுதான். "சூப்பர்" கிடைத்தவர் அடுத்த தடவையும் அதே "சூப்பர்" வாங்கவே ஆடுவார். கிடைக்காதவர் சுருங்குவார். ஸ்போலின் கண்டிப்பைப் போலவே பாராட்டையும் சந்தேகித்தார். இரண்டுமே ஆடுபவரின் கண்ணை விளையாட்டிலிருந்து ஆசிரியர் முகத்துக்குத் திருப்பிவிடுகின்றன. நன்றாக இருந்ததா என்று கேட்பதற்குப் பதில் பார்த்தவர்களிடம் கேளுங்கள்: கயிறு தெரிந்ததா? எந்த இடத்தில் காணாமல் போனது? இந்தக் கேள்விகளுக்கு ஆள் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

ஜோக் அடிப்பவர்களுக்குக் கீத் ஜான்ஸ்டோனிடம் மருந்து இருக்கிறது. லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் தொடங்கி, பின்னர் கனடாவின் கால்கரியில் பல ஆண்டுகள் உடனடி நாடகம் கற்பித்தவர். புத்திசாலித்தனமாக எதையும் யோசிக்காதே, முதலில் தோன்றுவதைச் செய் என்பது அவருடைய வழி. உடன் நடிப்பவர் தருவதை ஏற்றுக்கொள் என்பதும் அவர் அழுத்திச் சொன்னதுதான். இதைப் பலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். "அப்பா, கதவைத் திறங்க" என்று ஒருவர் தொடங்குகிறார். "திறக்க மாட்டேன், நீ போன வழியே போ" என்று மற்றவர் சொன்னால் அது நல்ல ஏற்பு. பாத்திரம்தான் மறுக்கிறது. நடிகரோ அப்பாவையும் கதவையும் ஏற்று, ஒரு பழைய சண்டையையும் சேர்த்திருக்கிறார். "நான் உன் அப்பா இல்ல, இங்க கதவே இல்ல" என்றால் சிரிப்பு வரும், காட்சி அங்கேயே செத்துவிடும்.

ஆளுக்கொரு சொல்லாகக் கதை சொல்லும் விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் அதற்குத் தனிச் சுவை உண்டு. வினை கடைசியில் வருவதால், ஆறு பேர் கட்டிய வாக்கியத்தை ஏழாவது ஆள் "போகவில்லை" என்று முடித்துவிடலாம். முன்கூட்டித் திட்டம் போட்டு வைத்தவர்தான் அதில் தடுமாறுவார். கூச்சமுள்ளவர்களுக்கு இது நல்ல இடம், ஒரு சொல்தானே.

நிகழ்ச்சிக்கு ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். எழுதினால் இத்தனை நாள் பழகியது ஒரு பக்கம், மேடை வேறு பக்கம் என்று ஆகிவிடும். 1955இல் தொடங்கிய காம்பஸ் பிளேயர்ஸ் என்ற சிகாகோ நாடகக் குழுவும், 1959இல் ஸ்போலினின் மகன் பால் சில்ஸ் உள்ளிட்டோர் அங்கேயே தொடங்கிய செகண்ட் சிட்டி குழுவும் பார்வையாளர்களிடமே யோசனை கேட்டு வாங்கி ஆடிக் காட்டியவர்கள். நீங்களும் தெரிந்தவர்களில் சிலரை மட்டும் கூப்பிடுங்கள். நான்கைந்து விளையாட்டுகள் போதும். ஒவ்வொன்றின் விதியையும் வந்தவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள், இடத்தையும் உறவையும் அவர்களிடமே கேளுங்கள். விதி தெரிந்துவிட்டால் அவர்களும் கயிறைத் தேட ஆரம்பிப்பார்கள். காட்சி தொய்ந்தால் வகுப்பில் செய்வதுபோலவே ஓரத்திலிருந்து குரல் கொடுங்கள். போட்டி, மதிப்பெண் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.