பகல் வெயிலை நம்பி நாற்றை வெளியே நடலாமா?

கேள்வி: நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதியில் நான்கு நாள் நல்ல வெயில் எறித்ததால், பிள்ளைகளுடன் சேர்ந்து மிளகாய், கத்தரி நாற்றுகளைப் பின்வளவில் நட்டோம். ஒரே இரவில் எல்லாம் கருகிவிட்டன. வீட்டுக்குள் இருக்கும் கறிவேப்பிலையும் இப்போது இலை கொட்டி வெறுந்தடியாக நிற்கிறது. அது பட்டுவிட்டதா? இம்முறை தோட்ட வேலையை எப்போது, எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ஏப்ரலில் ரொறன்ரோவின் பகல் 18 பாகை செல்சியஸுக்கு ஏறினாலும், வானம் தெளிந்த அன்றிரவே நிலத்தின் சூடு தடையின்றி வெளியேறிவிடுவதால், விடியற்காலையில் தரையோரக் காற்று உறைநிலைக்கு இறங்கிவிடக்கூடும். வெப்ப நாட்டுப் பயிர்களான மிளகாயும் கத்தரியும் அதைத் தாங்கமாட்டா. இலைக்குள் உள்ள நீர் உறைந்து உயிரணுக்களைச் சிதைத்துவிட, காலையில் வெயில் பட்டதும் அவை அவித்த கீரைபோலத் துவண்டு கறுத்துப்போகும். ஆகவே நடவு நாளை முடிவு செய்யும்போது பகல் வெப்பநிலையைப் பார்க்காமல் அடுத்த பத்து நாட்களின் இரவு வெப்பநிலையைப் பாருங்கள்.

மே 25க்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா தினத்தை இங்குள்ள பழைய தோட்டக்காரர்கள் நடவுக்கு எல்லையாக வைத்திருப்பதற்குக் காரணம், கடைசி உறைபனி பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடுவதுதான். சித்திரை வருடப்பிறப்பன்று மண்ணில் ஏதாவது ஊன்றவேண்டும் என்ற ஆசை நம்மவர்களுக்கு இயல்பானது. அன்றைக்கு முள்ளங்கி, குளிர்நாட்டுக் கீரையான ஸ்பினாச், பட்டாணி, கொத்தமல்லி ஆகியவற்றை நேரடியாக விதையுங்கள். இவை குளிரில் நன்றாக வரும். கொத்தமல்லியை ஜூன் வரை தள்ளிவைத்தால் வெயில் சூட்டில் இலை வைப்பதற்குமுன் பூத்துவிடும் என்பதால், அதற்கு ஏப்ரல்தான் உகந்த காலம்.

மற்றவற்றை விக்டோரியா தினத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 வாரம் வேண்டும். எனவே மார்ச் நடுவில் வீட்டுக்குள் விதைக்கவேண்டும். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம் போதும். பாகல், புடோல், வெண்டி ஆகியவற்றுக்கு வேர் குழம்புவது பிடிக்காது. மே தொடக்கத்தில் தனித்தனிச் சிறு சாடிகளில் விதைத்து, மண் சூடேறிய பின் ஜூன் முதல் வாரத்தில் வேரைக் கலைக்காமல் இறக்கலாம். மிளகாய் விதை முளைக்க மண் 25 முதல் 30 பாகை வரை இருக்கவேண்டும். யன்னலோரம் இரவில் குளிர்ந்துவிடுவதால் பலருக்கு மூன்று வாரமாகியும் முளை தெரிவதில்லை. நாற்றுப்பெட்டியின் அடியில் ஒரு சூட்டுப்பாய் வைத்தால் இந்தத் தாமதம் குறையும். முளை தெரிந்ததும் எல்இடி விளக்கை நாற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். யன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பி வளர்ந்த நாற்று நூல்போல நீண்டு, வெளியே முதற்காற்றிலேயே சாய்ந்துவிடும். மண்ணின் மேற்பரப்பு காயுமுன் மறுபடி நீர் ஊற்றாதீர்கள். அடித்தண்டு அழுகி நாற்று மடிவது பெரும்பாலும் ஈரம் கூடுவதால்தான்.

இதற்கிடையில் பின்வளவு மண்ணைக் கொத்த அவசரப்படவேண்டாம். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, பெருவிரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், கொழுக்கட்டை மாவுபோல உருண்டையாகவே இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். நான் இங்கு வந்த முதல் வசந்தத்தில், பனி கரைந்த மறுவாரமே ஈரக் களிமண்ணைப் புரட்டிப்போட்டு, ஜூனில் செங்கல் போன்ற கட்டிகளைச் சுத்தியலால் உடைத்தேன். ஈரத்தில் மிதிபட்ட களிமண்ணின் காற்றிடைவெளிகள் அடைபட்டுவிடுவதால் அந்த ஆண்டு முழுவதும் வேர் இறங்கச் சிரமப்படும். காத்திருக்கும் நாட்களில் சென்ற அக்டோபரில் ஊன்றிய உள்ளி வைக்கோலுக்குள்ளிருந்து முளைவிடுவதையும், புதினா அடிக்கட்டையில் சிவந்த குருத்து கிளம்புவதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கறிவேப்பிலை பட்டுவிட்டது என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். குறைந்த வெளிச்சத்திலும் வீட்டுச் சூடாக்கியின் வறண்ட காற்றிலும் அது இலை உதிர்த்து உறங்குவது வழமை. நகத்தால் தடியின் பட்டையை நுனியிலும் நடுவிலும் அடியிலும் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரியும் இடம்வரை உயிர் இருக்கிறது. அதற்கு மேலே காய்ந்த பகுதியை வெட்டிவிடலாம். உறங்கும் மரத்துக்கு நீர் மிகக் குறைவாகவே தேவை; இலை இல்லையே என்று பதறி நாள்தோறும் நீர் ஊற்றுவதால் வேர் அழுகிப்போன கறிவேப்பிலைகளே நான் அதிகம் பார்த்தவை. குருத்து விட்ட பிறகுதான் பசளை போடவேண்டும்.

இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 பாகைக்கு மேல் நிற்கத் தொடங்கியதும் நாற்றுகளையும் கறிவேப்பிலையையும் வெளியே பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் நேரத்தையும் வெயிலையும் கூட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் முழு வெயிலுக்குக் கொண்டுவரலாம். விளக்கடியில் வளர்ந்த இலை நேரடி வெயிலில் முதல் நாளே வெளிறிக் கருகும். நட்ட பின் திடீரென உறைபனி எச்சரிக்கை வந்தால், மாலையிலேயே பழைய படுக்கை விரிப்பொன்றைத் தடிகள் ஊன்றி, இலையில் படாமல், ஓரங்கள் தரையைத் தொடும்படி மூடி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பொலித்தீன் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் உறைந்துவிடும் என்பதால் துணியே நல்லது.