360 மூட்டுகள் குர்ஆனில் எங்கே?

மனிதனுக்கு 360 மூட்டுகள் என்று சொல்லும் வசனம் குர்ஆனில் இல்லை சகோ. அது ஹதீஸ் (நபிமொழி), நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிப்பது. ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் ஸகாத் (கட்டாய தர்மம்) பாடத்தில் தேடுங்கள்.

பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) குர்ஆன் 51:21ஐ (உங்களுக்குள்ளேயும் சான்றுகள் உண்டு, பார்க்க மாட்டீர்களா?) ஓதிய கையோடு இதையும் சொல்லிவிடுவார்கள். கேட்பவருக்கு இரண்டும் கலந்துவிடும், அவ்வளவுதான்.

உரைக்கு முன் ஹதீஸை முழுசாகப் படியுங்கள். இறைவனைத் துதிப்பது, பாதையில் கிடக்கும் கல்லையோ முள்ளையோ எலும்பையோ அகற்றுவது என்று அந்த எண்ணிக்கைக்கு ஈடாக நன்மை செய்பவர் நரகிலிருந்து விலகிவிட்டார் என்கிறது. பலர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். அதே நூலில் அபூதர் (ரலி) அறிவிப்பில் லுஹா (முற்பகல்) தொழுகை 2 ரக்அத்தே (தொழுகைச் சுற்று) ஒவ்வொரு மூட்டுக்காகவும் செய்ய வேண்டிய தர்மத்துக்குப் போதும் என்று வருகிறது.

"அறிவியலும் 360தான் சொல்கிறது" என்று மட்டும் சேர்க்காதீர்கள். எதை மூட்டு என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மருத்துவக் கணக்கு மாறும்.