பார்த்தாலே மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

ஒருவர் செய்வதைப் பார்க்கும்போதே நம் மூளை அதை உள்ளுக்குள் ஒத்திகை பார்க்கிறது. 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் நரம்பியல் ஆய்வாளர் ஜியாக்கோமோ ரிசொலாட்டி குழுவினர் இதைக் குரங்குகளிடம் கவனித்தார்கள். குரங்கு உணவை எடுக்கும்போது இயங்கிய சில நியூரான்கள் (மூளையின் நரம்பு செல்கள்), ஆய்வாளர் எடுப்பதை அது சும்மா பார்த்தபோதும் இயங்கின. கண்ணாடி நியூரான்கள் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் இவற்றின் தலையில் கட்டிவிடக் கூடாது. கவனமும் நினைவும் சேர வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 2005இல் வெளியான லண்டன் ஆய்வு. பாலே ஆடுபவர்கள் பாலே வீடியோவைப் பார்த்தபோது, கபோய்ரா என்ற பிரேசில் தற்காப்புக் கலையைப் பார்த்ததைவிட அவர்களின் மூளையில் உடல் அசைவுகளை இயக்கும் பகுதிகள் அதிகம் வேலை செய்தன. கபோய்ரா ஆடுபவர்களுக்கு நேர்மாறு. அதாவது, தானே செய்து பழகியதைப் பார்க்கும்போது மூளை கூடுதலாக ஒத்திகை பார்க்கிறது. சரி, நம் வீட்டுக்கு வருவோம். அம்மா பூ கட்டுவதைப் பாருங்கள். அப்புறம் நாரை எடுத்து நாலு முடிச்சு தடுமாறிப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்: அவர் விரல் எங்கே வளைகிறது என்பது இப்போதுதான் கண்ணில் படும்.