பனிச்சுமையையும் காற்றுச்சுமையையும் முழுதாகக் கூட்ட வேண்டுமா?

சாய்வுக் கூரைக்குப் பனியின் முழுச் சுமையையும் காற்றின் முழுச் சுமையையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால் கூடுதல் பாதுகாப்புதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பல கூரைகளுக்கு அந்தக் கூட்டலே ஆபத்து.

காரைக்குடியில் இருந்துகொண்டு இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் கிடங்குகளுக்குக் கூரை கணக்கிடுவது என் வேலை. பனி விழுந்து பார்த்தது இரண்டே முறை. ஆனால் காற்று கூரையை என்ன செய்யும் என்பதை ஊரிலேயே பார்த்துவிட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. மறுநாள் கோனாபட்டில் பெரியப்பாவின் நெல் கொட்டகைக்குப் போனேன். தகரமெல்லாம் இரண்டு வயல் தாண்டிக் கிடந்தது. ஒரு தகட்டைப் புரட்டினேன்: தகரத்தைப் பிடிக்கும் கொக்கி ஆணியான ஜே போல்ட் ஏறிய ஓட்டை நீண்டு நீண்டு விளிம்பு வரை கிழிந்திருந்தது. போல்ட்டோ வாஷரோடு அப்படியே பர்லினில், அதாவது தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், நின்றது. பக்கத்திலேயே எங்கள் பழைய வீடு. அடுக்கடுக்காக நாட்டு ஓடு வேய்ந்த கூரை. ஓரத்தில் சில ஓடுகள் சரிந்ததோடு சரி. அந்த எடையைக் காற்றால் தூக்க முடியவில்லை.

இதைக் கணக்கில் பாருங்கள். நொடிக்கு 39 மீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் 0.6 × 39 × 39, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 913 நியூட்டன்; எடையாகச் சொன்னால் 93 கிலோ. சரிவு குறைந்த கூரையில் இது பெரும்பாலும் மேல்நோக்கி இழுக்கும். கூரையின் வடிவத்துக்கு ஏற்ப இந்த அழுத்தத்தைப் பெருக்கும் குணகம் 1 என்றே கொள்வோம். தகரமும் பர்லினும் சேர்ந்து 15 கிலோ என்றால், மீதி 78 கிலோ கூரையைப் பிடுங்கப் பார்க்கிறது. இதில் 78 கிலோ பனியையும் கூட்டினால் விடை பூச்சியம்! போல்ட்டுக்கு வேலையே இல்லை என்று கணக்கு சொல்லும். பனி இல்லாத நாளில் காற்று வந்தால்?

ஆகவே பனியை விட்டுவிட்டு, கூரையின் சொந்த எடையையும் குறைத்து, காற்றை மட்டும் வைத்து ஒரு கணக்கு கட்டாயம் வேண்டும். எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 800 இதற்குச் சொந்த எடையை 0.9 ஆலும் காற்றை 1.5 ஆலும் பெருக்கச் சொல்கிறது. இரண்டும் சேரும் கணக்கும் உண்டு. ஆனால் இரண்டின் உச்சமும் ஒரே நேரத்தில் வருவது அரிது என்பதால் துணையாக வருவதைக் குறைக்கிறார்கள். ஐரோப்பியக் கட்டுமான விதியான யூரோகோடில் பெருக்கும் எண் துணைக் காற்றுக்கு 0.6; துணைப் பனிக்கு 1,000 மீட்டர் உயரம் வரை பெரும்பாலும் 0.5, அதற்கு மேல் 0.7. சுமைகளுக்கான நம் விதி ஐஎஸ் 875 ஐந்தாம் பாகத்தில், பனி இருந்தால் கூரையின் மேற்சுமைக்கு (ஆள் ஏறி வேலை செய்வது போன்ற சுமைக்கு) பதிலாகப் பனிச்சுமையைப் போட வேண்டும்.

செங்குத்தான கூரை என்றால் கதை வேறு. காற்று வரும் பக்கம் கீழ்நோக்கி அழுத்தும், பனியும் அழுத்தும். அங்கே இரண்டும் உண்மையிலேயே கூடும். காற்று பனியை அள்ளி மறுபக்கம் குவிக்கவும் செய்யும், அதனால் ஒருபக்கம் மட்டும் பனி நிற்கும் நிலையையும் தனியே பாருங்கள்.

சாய்வுக் கோணத்தையும் இடத்தின் உயரத்தையும் எழுதுங்கள், எந்தக் கணக்கு முந்தும் என்று போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.